வலிமையும் சுமையும் விலையும்

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சின் பொருள் விளையாட்டு மடிக்கணினி என்று அறிவித்தபோது பெரியோர் சிலர் வியந்திருப்பர். சிலர் முகஞ் சுளித்துமிருப்பர். சமயமும் தமிழும் பேசவேண்டிய மேடையில் விளையாட்டுப் பொருளுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும், உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த மறுநாள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி எதுவென்று எண்ணிப் பாருங்கள். "அப்பா, கம்பஸுக்குப் போக ஒரு லப்டொப் வேணும்" என்பதுதான் அது. அந்த ஒரு கேள்விக்கு விடையாகச் சில வீடுகளில் நகை அடைவுக்குப் போகிறது. சில வீடுகளில் கனடாவிலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி அழைப்புப் போகிறது. வேறு சில வீடுகளில் தந்தையும் மகனும் ஒரு கிழமை முகங்கொடுத்துப் பேசாதிருக்கின்றனர். குடும்பத்தின் பணமும் வீட்டின் அமைதியும் இதிற் கலந்திருக்கின்றன. ஆகவே இதனைப்பற்றி நாம் கூடியிருந்து சிந்திப்பது தகும் என்றே கருதுகிறோம்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. பொருட்பாலில், அரசனுக்குரிய அறிவுரைகளிடையே அது வருகிறது. செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட்டபின் காரியத்தில் இறங்கு என்பது அதன் தொடக்கம். இடையிலே வண்டியில் ஏற்றும் பாரத்தைப்பற்றிப் பேசுகிறார் வள்ளுவர். முடிவிலே வரவுக்கும் செலவுக்குமுள்ள அளவைப்பற்றிப் பேசுகிறார். வலிமை, பாரம், செலவு என்னும் மூன்றையும் ஒரே அதிகாரத்துள் அவர் வைத்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒன்றை மாத்திரம் அளந்து மற்ற இரண்டையும் மறந்தவன் வலியறிந்தவனாகான். இன்று ஒரு மடிக்கணினி வாங்கப் புறப்படும் இளைஞன் அளக்கவேண்டியவையும் இம்மூன்றுமேயாம்: அதன் வலிமை, அதன் சுமை, அதன் விலை.

பெரியோர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். சாதாரண மடிக்கணினியில் மையச் செயலி ஒன்றே எல்லா வேலையையும் பார்க்கும். படம் வரையும் சிறு பகுதியும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். விளையாட்டு மடிக்கணினியிலோ படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு வரைகலைச் செயலி உண்டு. திரையிலே ஓடும் உருவங்களை விநாடிக்கு 60 முறையோ 144 முறையோ புதிதாகத் தீட்டுவது அதன் தொழில். அத்தொழிலுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். உட்சென்ற மின்சாரம் வெப்பமாக வெளிவரும். அவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் செப்புக் குழாய்களும் வேண்டும். இவையெல்லாம் எடையைக் கூட்டும். எடையைக் குறைக்க முயன்றால் நுட்பமான வேலைப்பாடு வேண்டியிருப்பதால் விலை ஏறும். மூன்றும் ஒன்றையொன்று இழுப்பதன் காரணம் இதுவே. ஒரு கம்பனியின் பேராசையன்று, இயற்கையின் விதி.

இப்போராட்டம் நேற்றுத் தோன்றியதன்று. 1981 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒஸ்போர்ன் 1 என்னும் கணினி 1,795 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. "கொண்டு செல்லத்தக்க கணினி" என்று அதனை விளம்பரப்படுத்தினார்கள். அதன் எடை 11 கிலோ! பற்றரியும் இல்லை, போகுமிடத்திற் சுவரில் மின்சாரம் இருந்தாற்றான் இயங்கும். 2017 ஆம் ஆண்டில் ஏசர் கம்பனி பிரெடேட்டர் 21 எக்ஸ் என்றொரு விளையாட்டு மடிக்கணினியை விற்றது. எடை எட்டுக் கிலோவுக்கு மேல். மின்சாரம் ஊட்ட இரண்டு அடப்டர்கள். விலை 8,999 டொலர். வலிமையை மட்டும் நினைத்துச் செய்த கருவி அது. மடியில் வைத்தால் மடி தாங்காது. அதே ஆண்டில் என்விடியா கம்பனி, வரைகலைச் செயலியின் மின்வலுவைக் குறைத்து மெல்லிய உடலில் அடக்கும் முறையை மாக்ஸ் கியூ என்ற பெயரில் வெளியிட்டது. 2020 ஆம் ஆண்டில் அசூஸ் கம்பனியின் செபிரஸ் ஜி 14 என்னும் கணினி ஏறக்குறைய 1.6 கிலோ எடையில் வந்தபோது, விளையாட்டுக் கணினியைத் தோளில் எளிதாகக் கொண்டுசெல்லலாம் என்பது மெய்யாயிற்று. ஆயினும் அவ்வெளிமைக்கு ஒரு விலை இருந்தது. இன்றும் இருக்கிறது.

முதலாவதாக வலிமையைப் பார்ப்போம். கடைக்குச் செல்லும் தம்பிமார் பெரும்பாலும் பெயரைப் பார்த்து மயங்குகின்றனர். ஆர்.ரி.எக்ஸ். 4060 என்று ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்று என எண்ணுகின்றனர். அது சரியன்று. மடிக்கணினிக்குரிய 4060 ஐ 35 வாற்று முதல் 115 வாற்று வரை எந்த அளவில் வேண்டுமானாலும் கணினிக் கம்பனி அமைத்துக்கொள்ளலாம். ஒரே பெயருடைய இரண்டு கணினிகளில் ஒன்று ஓடும், ஒன்று நடக்கும். 2021 ஆம் ஆண்டுக்குப் பின் மாக்ஸ் கியூ என்ற சொல் செயலியின் பெயரிலிருந்து நீங்கிவிட்டமையால், பெயரைக்கொண்டு இவ்வேறுபாட்டை அறிதல் முன்னிலும் கடினமாயிற்று. ஆதலின் கடையிற் கேட்கவேண்டிய முதற் கேள்வி "என்ன காட்?" என்பதன்று, "அந்தக் காட் எத்தனை வாற்றில் ஓடுகிறது?" என்பதாகும்.

அதே வேளையில் வாற்று ஏற ஏறப் பயன் அதே அளவில் ஏறாது என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். செயலியின் வேகத்தைக் கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது. மின்வலுவோ அவ்வழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. ஆகையால் கடைசி இருபது முப்பது வாற்று தரும் நன்மை சிறிது, வெப்பம் பெரிது. நடுத்தர அளவில் ஓடும் செயலியே பெரும்பாலோருக்குப் போதும்.

திரையும் அவ்வாறே. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறக்குறைய 20 இலட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். 2560க்கு 1440 என்னும் திரையில் 36 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அதாவது வரைகலைச் செயலிக்கு முக்காற் பங்குக்கு மேல் அதிக வேலை. நடுத்தரச் செயலியை வாங்கி அதன்மேல் உயர்ந்த திரையை ஏற்றுவது இளங்காளையைப் பாரவண்டியிற் பூட்டுவது போலாகும்.

எந்த விளையாட்டு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எமது இளைஞர் கூடி விளையாடும் வலோரண்ட், டோட்டா 2 போன்றவை எளிய கணினியிலும் ஓடும்படி அமைக்கப்பட்டவை. சைபர்பங்க் 2077 போன்றவை பெருவலிமை வேண்டுபவை. முதல் வகையை விளையாடுபவன் இரண்டாம் வகைக்குரிய கணினியை வாங்குவது, இரண்டு பேருக்குச் சமைக்க அன்னதானக் கிடாரத்தை அடுப்பிலேற்றுவதை ஒக்கும்.

இரண்டாவது சுமை. விளம்பரத்தில் 2.3 கிலோ என்று போட்டிருப்பார்கள். அடப்டரின் எடை அதிற் சேராது. 200 வாற்றுக்கு மேற்பட்ட அடப்டர் ஒன்று கம்பியுடன் முக்காற் கிலோ வரை வரும். தண்ணீர்ப் போத்தல், கொப்பிகள், குடை யாவுஞ் சேர்ந்தால் ஐந்து கிலோவை நெருங்கும். வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு, காலை ஏழு மணிக்கு 101 ஆம் இலக்க பஸ்ஸில் மிதிபலகைக்கு அருகில் ஒற்றைக் கையாற் பிடித்துக்கொண்டு கட்டுபெத்தை வரை நிற்பவனுக்கு அந்த ஐந்து கிலோ என்னவென்று தெரியும். வாங்கிய முதல் மாதம் நாள்தோறும் கொண்டுபோவான். மூன்றாம் மாதம் வீட்டிலே வைத்துவிட்டுப் போவான். கொண்டு போகாத மடிக்கணினிக்கு மடிக்கணினி விலை கொடுத்தது வீணாயிற்றல்லவா?

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். விமானப் பயணத்தில் அனுமதியின்றிக் கொண்டு செல்லத்தக்க பற்றரியின் எல்லை 100 வாற்று மணி. அதனால் எத்துணைப் பெரிய மடிக்கணினியாயினும் அதன் பற்றரி அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். 80 வாற்று மணிப் பற்றரியைக் கொண்டு 80 வாற்று உண்ணும் விளையாட்டை ஆடினால் ஒரு மணி நேரம். கணக்கு அவ்வளவுதான். அன்றியும், அடப்டர் தரும் அளவு மின்வலுவைப் பற்றரி தரமாட்டாது. சுவரிலிருந்து கழற்றியவுடன் கணினியின் வேகம் தானே குறைந்துவிடும். ஆகவே "எங்கும் விளையாடலாம்" என்பது விளம்பர வாசகம்; "எங்கும் கொண்டுபோய், மின்சாரம் உள்ள இடத்தில் விளையாடலாம்" என்பதே உண்மை.

ஆனாற் படிப்புக்கு அந்தப் பற்றரி பெருந்துணை. 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடே இருண்டது என்று அமைச்சர் கூறினார். வாயுபுத்திரன் வாலாற் பற்றிய நெருப்பால் அன்று இலங்கை ஒளிர்ந்தது. அவர் குலத்தவர் ஒருவரால் இன்று இருண்டது! அத்தகைய நாளில் மேசைக் கணினி உடனே அணைந்துவிடும். மடிக்கணினியோ, விளையாட்டை நிறுத்தி எழுத்து வேலையை மட்டும் செய்தால், சில மணி நேரம் தாங்கும்.

கொழும்பின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 30 பாகைக்கு மேற்பட்ட அறையில், குளிரூட்டியின்றி, மெத்தைமேல் வைத்து ஓட்டினால் காற்றுத் துளைகள் அடைபட்டு, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மெல்லிய கணினிகளில் இது விரைவில் நேரும். கடற்கரைப் பக்கத்து மாடி வீடுகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். பலகை மேல் வைத்தல், ஆண்டுக்கொருமுறை தூசி நீக்குவித்தல், பயன்படுத்தாதபோது மூடிவைத்தல் ஆகியவை செலவில்லாத வைத்தியங்கள்.

மூன்றாவது விலை. இங்கேதான் பெற்றோரின் நெஞ்சு கனக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. 2025 ஆம் ஆண்டில் 300 ரூபா அளவில் நின்றது. ஆயிரம் டொலர் விலையுள்ள ஒரே கணினி, வரியும் வியாபாரியின் இலாபமும் சேர்க்குமுன்னரே, இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாகி, பின் மூன்று இலட்சமாயிற்று. பெறுமதி சேர் வரியும் 2022 மே வரை 8 வீதமாக இருந்து, படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. சம்பளம் அவ்வேகத்தில் ஏறவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மகன் கேட்பது பழைய விலையிலுள்ள பொருளன்று. தந்தை தருவது பழைய பெறுமதியுள்ள பணமுமன்று. இருவரும் இதனை நினைவிற்கொண்டு பேசினால் வார்த்தை தடிக்காது.

செலவைக் குறைக்கும் வழி யாது? பின்னர் மாற்ற முடியாததற்கு முதலிற் பணம் கொடுக்கவேண்டும். வரைகலைச் செயலி பலகையிலே பற்றவைக்கப்பட்டது, மாற்றமுடியாது. திரையையும் விசிறியமைப்பையும் மாற்றுதல் அரிது. ஆகவே அவற்றில் நிதானமாகத் தெரிவு செய்யுங்கள். சேமிப்பகத்தைப் பெரும்பாலும் பின்னர் கூட்டலாம். நினைவகத்தைத் தடித்த கணினிகளிற் கூட்டலாம். மெல்லியவை பலவற்றில் அதுவும் பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் கேட்டறிதல் அவசியம். 2025 இறுதியிற் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. எனவே "பிறகு மலிவாகும்" என்று எப்போதும் நம்பியிருக்கவும் முடியாது. மின்னும் விசைப்பலகை விளக்குகளுக்கும், கவசம்போன்ற மூடிக்கும் கொடுக்கும் பணம் வேகத்தைக் கூட்டாது.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கணினி மலிவாகத் தோன்றலாம். அதன் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா என்று எழுத்திற் கேட்டறியுங்கள். பழுதானாற் கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருந்தால் மலிவு மலிவன்று. பம்பலப்பிட்டியிற் கணினிக் கடைகள் நிறைந்த யூனிற்றி பிளாசாவில் ஒரே நாளில் நான்கு கடை ஏறியிறங்கி விலை கேட்பது பெரியவருக்கு அலுப்பாயினும், அந்த அலுப்புக்குப் பலன் உண்டு. தவணை முறையில் வாங்குவோர் மாதத் தொகையைப் பாராது மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். மின்சாரக் கணக்கும் உண்டு: 150 வாற்று உண்ணும் கணினியை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 13.5 அலகு. கட்டணம் படிமுறையானதால், இந்தச் சிறு தொகை வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடவும் கூடும்.

இனி, மூன்றையும் எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது? மூன்றிலும் முழு மதிப்பெண் பெறும் கணினி இல்லை. இரண்டைப் பிடித்தால் மூன்றாவது நழுவும். வலிமையும் இலேசும் வேண்டினால் விலை ஏறும். வலிமையும் மலிவும் வேண்டினாற் கனக்கும். இலேசும் மலிவும் வேண்டினால் வலிமை குறையும். எதனை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவரவர் வாழ்க்கைதான் சொல்லவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படிக்கும் மாணவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு மேசையே அரிது. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால் இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பொறியியல் மாணவனாயின் ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் ஆகியவற்றுக்கும் வரைகலைச் செயலி உதவும். அவனுக்கு நடுத்தர வலிமையும் இரண்டேகால் கிலோவுக்குட்பட்ட எடையும் உள்ள ஒரே கணினி பொருந்தும். நான்காண்டுப் படிப்புக்கு மூன்று இலட்சம் என்றால் ஆண்டுக்கு 75,000 ரூபா. அதைத் தாங்குமா குடும்பம் என்று அளந்து முடிவு செய்யலாம்.

கொட்டாஞ்சேனையிற் சொந்த வீட்டிலிருந்து படிப்பவன், கணினியை வாரத்தில் ஆறு நாளும் மேசையிலேயே வைத்திருப்பவன், மடிக்கணினியையே வாங்கவேண்டுமென்ற நியதியில்லை. அதே பணத்துக்கு மேசைக் கணினி அதிக வேகம் தரும், நன்றாகக் குளிரும், பழுதான பகுதியை மட்டும் மாற்றலாம். மின்வெட்டுக்கு ஒரு யூ.பி.எஸ். போதும்.

நாள்தோறும் பஸ்ஸிற் போய் வருபவர், கணக்கியலோ சட்டமோ படிப்பவர், கிழமைக்கு இரண்டு நாள் நண்பருடன் வலோரண்ட் ஆடுபவர், தனி வரைகலைச் செயலியில்லாத ஒன்றரைக் கிலோக் கணினியோடு நிறைவடையலாம். அண்மைக்கால மையச் செயலிகளுள் அமைந்த வரைகலைப் பகுதியே அதற்குப் போதுமானது. மிஞ்சும் பணம் வீட்டுக்கு ஆகும். எமது தங்கைமாருக்கும் இவையனைத்தும் பொருந்தும். கணினி விளையாட்டும் பொறியியலும் ஆண்களுக்கே உரியன என்றெண்ணி, அண்ணனுக்குப் புதியது, தங்கைக்கு அவன் கழித்த பழையது என்று பங்கிடும் வழக்கம் எமது வீடுகளில் மாறவேண்டும்.

நிற்க. இவ்வளவு அளவைகளையும் வீணாக்கும் ஒன்று உண்டு. அது பாதி உண்மை. "படிப்புக்குத்தான்" என்று மகன் சொல்லுகிறான். மனத்தில் விளையாட்டு இருக்கிறது. தந்தை நம்பிப் படிப்புக்கேற்ற கணினியை வாங்குகிறார். மகன் அதில் விளையாட்டு ஓடவில்லையென்று வாடுகிறான். அல்லது விளையாட்டுக் கணினி வீட்டுக்கு வருகிறது, வந்தபின் தந்தைக்கு விளங்குகிறது, நம்பிக்கை உடைகிறது. உடைந்த நம்பிக்கைக்கு எந்தக் கடையிலும் உத்தரவாதம் எழுதித் தருவதில்லை. தம்பிமாரே, "படிக்கவும் வேணும், விளையாடவும் வேணும்" என்று நேரே சொல்லுங்கள். விளையாடுவது குற்றமன்று. 2022 ஆம் ஆண்டுக்குரிய ஆசிய விளையாட்டு விழா 2023 இற் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தபோது கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. மறைப்பதே குற்றமாகிறது.

பெற்றோரே, மகன் உண்மை சொன்னால் அதற்குத் தண்டனை கொடாதீர்கள். உண்மைக்குத் தண்டனை கிடைக்கும் வீட்டிற் பொய் குடியேறும். அவன் அருகில் அமர்ந்து, எந்த விளையாட்டு, எத்தனை மணி, யாருடன் என்று கேளுங்கள். அளவு மீறிய விளையாட்டு நோயாகலாம் என்பதும் மெய்யே. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. உறக்கமும் படிப்பும் உறவும் கெடும் அளவுக்குச் சென்றாற்றான் அது நோய். பொழுதுபோக்காக ஆடுவோர் அனைவரும் நோயாளரல்லர். இவ்வேறுபாட்டைப் பெரியோர் உணர்ந்தால் அச்சம் குறையும். இளைஞர் உணர்ந்தால் ஒழுங்கு வரும்.

ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி நெடுக வேற்பெருமானின் தேர் வருவதைக் கண்டிருக்கிறோம். இழுப்போரின் வலிமை, தேரின் பாரம், உபயகாரரின் செலவு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பெரியோர் அளந்து வைத்தமையாற்றான் தேர் வழியில் நில்லாமல் இருப்பிடம் சேர்கிறது. அளக்கும் அப்பழக்கத்தை வீட்டுக் காரியங்களிலும் கைக்கொள்வோமாக. அடுத்த முறை ஒரு வீட்டில் இக்கேள்வி எழும்போது, தந்தையும் மகனும் ஒரு தாளை நடுவில் வைத்து மூன்று கோடு கீறி, வலிமை, சுமை, விலை என்று எழுதி, இருவருமே நிரப்பட்டும். அத்தாள் நிரம்புமுன் கடைக்குப் போகவேண்டாம்.